கொழுக்குமலைக்கு ஏறுவது டிரைவரா, ஜீப்பா?

கேள்வி, 8 செப்டம்பர் 2024

போன வாரம் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் போய் வந்தோம். எங்களை ஏற்றிப் போனது என் வயதை விடப் பழைய மஹிந்திரா ஜீப். ஏசி கிடையாது, ஏர்பேக் கிடையாது, எலக்ட்ரானிக்ஸ் என்று ஒரு பொத்தான் கூடக் கிடையாது. டிரைவர் பாட்டுப் போட்டுக்கொண்டு அந்தப் பாறைப் பாதையில் அலட்டாமல் ஏற்றிவிட்டார். இங்கே என் நண்பன் மஹிந்திரா தாருக்கு லாக்கர் (இரண்டு பக்கச் சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டிச் சுற்ற வைப்பது), ஸ்நார்கெல், வின்ச் (மாட்டிய வண்டியை இழுத்தெடுக்கும் மோட்டார் கயிறு) என்று லட்சக்கணக்கில் கொட்டிக்கொண்டிருக்கிறான். ஓட்டத் தெரிந்தவனுக்கு இதெல்லாம் எதற்கு? தெரியாதவனுக்கு இருந்துதான் என்ன பயன்? திறமைதான் எல்லாம் என்கிறேன். மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

8 செப்டம்பர், இரவு

மறுக்கிறேன். டிரைவரைப் பற்றி நீங்கள் சொன்னதை அல்ல, ஜீப்பைப் பற்றிச் சொன்னதை.

அந்த வண்டியில் ஒன்றுமே இல்லை என்கிறீர்கள். கீழே குனிந்து பார்த்தீர்களா? தாழ்வாகத் தொங்கும் பிளாஸ்டிக் எதுவும் இருக்காது. முன் பம்பர் ஒரு இரும்புத் துண்டு, சக்கரத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்காது. டயர் ஒல்லி. சஸ்பென்ஷன் கமான் பட்டை, உடைந்தால் அங்கேயே மாற்றலாம். டீசல் என்ஜின், ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் விட்டாலும் முதல் கியரில் முனகிக்கொண்டே நகரும், சட்டென்று அணையாது. இந்த ஜீப்புகளின் மூதாதையான வில்லிஸுக்கு முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 80 அங்குலம்தான், அதாவது 2,032 மில்லிமீட்டர். 2020இல் வந்த தாருக்கு 2,450. தார் ராக்ஸுக்கு 2,850. அந்தப் பாதையின் கொண்டை ஊசி வளைவில் ராக்ஸைத் திருப்பப் பார்த்தால் இந்த வித்தியாசம் என்னவென்று புரியும்.

ஆக அது வெறும் வண்டி இல்லை. அந்த மலைக்கென்றே வருடக்கணக்கில் கழித்தும் சேர்த்தும் ஆக்கிய வண்டி. பெட்டியில் போட்டு, ஸ்டிக்கர் ஒட்டி யாரும் விற்கவில்லை என்பதால் அதெல்லாம் நமக்குச் சாமானாகத் தெரிவதில்லை.

9 செப்டம்பர்

டிரைவர் விஷயத்துக்கு வருகிறேன். கொழுக்குமலைக்குப் போகும்போது முன் சீட்டுதான் வேண்டும் என்று அடம் பிடிப்பவன் நான். சூரிய உதயம் பார்க்கும் கூட்டம் பின்னால் தூங்கி வழியும், நான் டிரைவரின் கையையும் காலையும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

முதலில் கட்டைவிரல். ஸ்டியரிங்கை நாம் பிடிப்பது போல அவர்கள் பிடிப்பதில்லை. கட்டைவிரல் வளையத்துக்குள்ளே போகாது, மேலேயே படுத்திருக்கும். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில் முன் சக்கரம் பாறையில் பக்கவாட்டில் இடித்தால் ஸ்டியரிங் தானாகச் சுழன்று அடிக்கும். உள்ளே விரல் இருந்தால் அது போயிற்று. அப்புறம் இடது கால். கியர் போட்டதும் கிளட்சை விட்டு முழுசாக இறங்கி, ஓரத்தில் உட்கார்ந்துவிடும். நகரத்து டிரைவர் மேட்டில் கிளட்சைப் பாதி மிதித்து ஊசலாடுவார், பத்து நிமிடத்தில் கருகிய வாசனை வரும். இங்கே அந்த வாசனையே வராது.

இன்னொன்றும் கவனித்தேன். ஒரு குறிப்பிட்ட இடத்தில், அது வளைவுக்குச் சற்று முன்னால், இடது சக்கரத்தை வேண்டுமென்றே ஒரு பெரிய கல்லின் மேல் ஏற்றினார். பக்கத்தில் சமமாகத் தெரிந்த தடத்தை விட்டுவிட்டு. ஏன் என்று கேட்டேன். "அதுல போனா அடுத்த கல்லு அடி தட்டும் சார்" என்றார். அடுத்த கல் இருட்டில் என் கண்ணுக்கே தெரியவில்லை. இறங்கும்போது வெளிச்சத்தில் பார்த்தேன், இருந்தது. முந்தின நாள் மழையில் ஓர் இடத்தில் கல் புரண்டிருக்கும் போலிருக்கிறது. அங்கே மட்டும் வண்டியை நிறுத்தி, இறங்கி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்து ஏறினார்.

இதைத் திறமை என்றால் திறமைதான். ஆனால் இதில் பாதி, அந்த ஒரு பாதையை மனப்பாடமாக வைத்திருப்பது. அதே மனிதரை அதே ஜீப்போடு திருச்செந்தூர் பக்கத்துத் தேரி மணலில் கொண்டுபோய் விட்டால் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

9 செப்டம்பர், கொஞ்சம் கழித்து

"அங்கே ஓடுவதெல்லாம் டூ வீல் டிரைவ் ஜீப்தானே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நான் ஏறியவற்றில் முன் சக்கரமும் இழுத்தது. கியர் கம்பிக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டிக் கம்பிகள் சும்மா அலங்காரத்துக்கு இல்லை.

12 செப்டம்பர்

மணலைப் பற்றி. சில வருடம் ஷார்ஜாவில் வேலை பார்த்தேன். வெள்ளிக்கிழமையானால் பதாயர் பக்கம் கிளம்பிவிடுவோம், பிக் ரெட் என்று எல்லோரும் சொல்கிற அந்தச் சிவப்பு மணல்மேடு இருக்கிறதே, அங்கே. கூட்டத்தில் ஒரு நண்பர் பழைய நிசான் பேட்ரோல் வண்டிக்கு முன்னும் பின்னும் லாக்கர் போட்டு வைத்திருந்தார். அவர் ஒருநாள் சரிவின் பாதியில் பதிந்துவிட்டார். லாக்கரைப் போட்டார், ஆக்ஸிலேட்டரை மிதித்தார். லாக்கர் தன் வேலையைச் செவ்வனே செய்தது. ஒரு சக்கரம் தோண்ட வேண்டிய குழியை நான்கு சக்கரமும் சமமாகத் தோண்டின. சேஸிஸ் மணலில் உட்கார்ந்துவிட்டது.

கூட்டத்தைக் கூட்டிப் போகும் மலப்புரத்துக்காரர் வந்து பார்த்தார். எதுவும் பேசவில்லை. குனிந்து டயர் வால்வில் ஒரு சின்னக் குச்சியை வைத்து அழுத்தினார். புஸ்ஸென்று காற்று போகும் சத்தம், ஒவ்வொரு டயராக. காற்றழுத்தத்தை 20இலிருந்து 12க்கு இறக்கினார். சக்கரத்துக்குப் பின்னால் கையாலேயே மணலை வாரிவிட்டு, ரிவர்ஸ் போட்டு, வந்த தடத்திலேயே மெதுவாக இறக்கினார். லாக்கரைத் தொடவே இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 டன் வண்டி, ஒரு சக்கரத்தில் 500 கிலோ, ஏறக்குறைய 1,100 பவுண்டு. டயரில் 35 காற்று, அதாவது சதுர அங்குலத்துக்கு 35 பவுண்டு அழுத்தம், இருந்தால் தரையில் பதியும் பரப்பு சுமார் 31 சதுர அங்குலம். 15க்கு இறக்கினால் 73. டயர்ச் சுவரும் கொஞ்சம் எடையைத் தாங்கும் என்பதால் நிஜத்தில் இவ்வளவு துல்லியமாக வராது, ஆனாலும் இரண்டு மடங்கை ஒட்டி வரும். அதுவும் அகலத்தில் அல்ல, பெரும்பாலும் நீளத்தில். பைசா செலவில்லை.

இது திறமையா, சாமானா? எனக்கு இரண்டிலும் சேர்க்கத் தோன்றவில்லை. விஷயம் தெரிந்திருப்பது, அவ்வளவுதான். (காற்றை இறக்கிவிட்டு ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடித்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். அதையும் தெரிந்து வைத்திருங்கள்.)

13 செப்டம்பர்

லாக்கரை நான் கிண்டல் செய்ததாக எடுத்துக்கொண்டு சிலர் கொதித்திருக்கிறார்கள். லாக்கரோடு வரும் ஃபோர்ஸ் கூர்க்கா வைத்திருப்பவர்கள் போல. சரி, சரி. மணலில் லாக்கருக்கு வேலை குறைவு என்றுதான் சொன்னேன். பாறையில் கதையே வேறு. எதிரெதிர் மூலையில் இரண்டு சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது, சாதா டிஃபரன்ஷியல் (இரண்டு பக்கச் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரப் பெட்டி) உள்ள வண்டியில் ஃபோர் வீல் போட்டிருந்தாலும் இழுவை முழுக்கத் தொங்குகிற சக்கரத்தில்தான் வீணாகும். தரையில் இருக்கும் சக்கரம் சும்மா நிற்கும். அங்கே கூர்க்காக்காரர் லாக்கர் கம்பியை இழுத்துவிட்டு நடைவேகத்தில் போய்விடுவார், மற்றவர்கள் கல் தேடிக்கொண்டிருப்பார்கள்.

15 செப்டம்பர்

"லாக்கர் எதற்கு, ஹேண்ட்பிரேக்கை லேசாக இழுத்தால் போதுமே" என்ற பழைய வித்தையை ஒருவர் சொல்லியிருக்கிறார். நல்ல வித்தைதான். சுழலும் சக்கரத்துக்கு எதிர்ப்புக் கொடுத்தால் எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கும் அதே அளவு இழுவை போகும். ஆனால் ஹேண்ட்பிரேக் பின் சக்கரத்தில் இருந்தால்தான் இது பலிக்கும். வில்லிஸ் வகைப் பழைய ஜீப்பில் ஹேண்ட்பிரேக் டிரம் சக்கரத்தில் இல்லை, பின்னால் போகும் ஷாஃப்டில் இருக்கிறது. அதை இழுத்தால் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துத்தான் இழுத்துப் பிடிக்கும், வித்தை பலிக்காது.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அந்த வகை ஜீப்பைச் சரிவில் ஹேண்ட்பிரேக் மட்டும் போட்டு நிறுத்தி, பின் சக்கரம் ஒன்றை ஜாக்கி வைத்துத் தூக்கினால், ஷாஃப்ட் நின்றபடியே இருக்கும், தூக்கிய சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, தரையில் இருக்கும் சக்கரம் மறுபக்கம் சுற்றி வண்டி உருண்டுவிடும். பழைய டிரைவர்கள் நிறுத்தியதும் சக்கரத்துக்குக் கல் வைப்பது சும்மா இல்லை.

18 செப்டம்பர்

பாலைவனத்தில் நாள்கணக்கில் நடக்கும் டகார் ராலிப் பந்தயத்தை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். 2016, 2017, 2018 மூன்று வருடமும் கார் பிரிவில் ஜெயித்தது பின் சக்கரம் மட்டும் ஓடும் பெஜோ, எதிரே நின்றவை பெரும்பாலும் ஃபோர் வீல் வண்டிகள், ஆகவே திறமையே வென்றது என்பது வாதம்.

விதிமுறையைப் பார்த்துவிட்டு வாருங்கள். டூ வீல் பக்கிகளுக்கு (பின் சக்கரம் மட்டும் ஓடும் பந்தய வண்டிகளுக்கு) 37 அங்குல டயர் போட அனுமதி இருந்தது. ஃபோர் வீல் வண்டிகளுக்கு அதைவிடச் சின்ன டயர்தான். சஸ்பென்ஷன் ஏறி இறங்கும் தூரமும் பக்கிக்கு அதிகம். எல்லாவற்றுக்கும் மேலே, சீட்டில் உட்கார்ந்தபடியே டயரில் காற்றை ஏற்றி இறக்கும் வசதி. மற்றவர்கள் மணல்மேட்டின் முன் இறங்கி நின்று காற்றைப் பிடுங்கிக்கொண்டிருக்கும்போது இவர்கள் ஒரு பொத்தானை அழுத்திவிட்டுப் போய்விட்டார்கள். முன்னால் குச்சி வைத்துக் காற்றை இறக்கியவர் கதை சொன்னேனே, அதே வேலை, கோடிக்கணக்கான ரூபாய் வண்டியில். ஆக பெஜோ ஜெயித்ததைத் திறமைக் கணக்கில் மட்டும் எழுத முடியாது.

18 செப்டம்பர், இரவு

மேலே எழுதியதற்கு எதிராக நானே ஒன்று சொல்கிறேன். 2016, 2017 இரண்டிலும் அந்தப் பெஜோவை ஓட்டியவர் ஸ்டெஃபான் பீட்டர்ஹான்சல். அவர் 2004, 2005, 2007இல் மிட்சுபிஷியில் ஜெயித்தார், 2012, 2013இல் மினியில். அவையெல்லாம் ஃபோர் வீல். 2021இல் மறுபடியும் ஒரு டூ வீல் மினி பக்கி. கார் பக்கம் வருவதற்கு முன் பைக்கில் ஆறு தடவை. வண்டி மாறிக்கொண்டே இருக்கிறது, ஆள் மாறவில்லை. கேட்டவர் இந்த வாதத்தை வைத்திருந்தால் பதில் சொல்லத் திணறியிருப்பேன். நல்ல வேளை, வைக்கவில்லை.

22 செப்டம்பர்

இரண்டு மூன்று நாளாக இதுவே மனதில் ஓடுகிறது. புதிதாகக் கற்றுக்கொள்பவனுக்கு என்ன சொல்வது? "முதலில் சாதா வண்டியில் பழகு, சாமான் அப்புறம்" என்பதுதான் எல்லோரும் சொல்வது. நானும் பலரிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது அவ்வளவு உறுதியாக இல்லை.

யோசித்துப் பாருங்கள். லோ கியர் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கியர்) இல்லை, லாக்கர் இல்லை. பாறை மேட்டில் சக்கரம் தூக்குகிறது. என்ன செய்வான்? பின்னால் வந்து, வேகம் எடுத்து, ஒரே மூச்சில் அடித்து ஏற்றப் பார்ப்பான். இதில்தான் ஆக்சில் உடைகிறது, தலை கூரையில் இடிக்கிறது, வண்டி சாய்கிறது. அதே இடத்தை லாக்கர் உள்ள வண்டி குழந்தை நடப்பது போல மெதுவாகக் கடக்கிறது. மெதுவாகப் போகும்போது நிறுத்தலாம், இறங்கிப் பார்க்கலாம், தப்பாகப் போனால் பின்வாங்கலாம். சாமான் எதற்கு ஈடாக வருகிறது என்று கேட்டால், வேகத்துக்கு ஈடாக வருகிறது என்பேன். புதியவன் கையில் வேகம்தான் ஆபத்து. அப்படியானால் அவனுக்குத்தான் சாமான் முதலில் வேண்டும், கைதேர்ந்தவனுக்கு அல்ல.

கேட்டவரின் நண்பர் தாருக்கு லாக்கர் போடுவதை இப்போது வேறு மாதிரிப் பார்க்கத் தோன்றுகிறது. வின்ச்சை அல்ல. தனியாகப் போய் மாட்டிக்கொள்ளும் தைரியத்தைத்தான் வின்ச் கொடுக்கும்.

23 செப்டம்பர்

ஒரு திருத்தம் சேர்க்கச் சொல்கிறார்கள், நியாயமானது. தாரின் பழைய உயர்ரக மாடல்களில் பின்பக்கத்தில் ஈட்டன் லாக்கர் கம்பெனியிலேயே வந்தது. அதற்குக் கம்பியும் இல்லை, பொத்தானும் இல்லை. இரண்டு பின் சக்கரத்தின் சுற்று வேகத்தில் ஏறக்குறைய 100 ஆர்.பி.எம். வித்தியாசம் வந்தால் தானாகவே பூட்டிக்கொள்ளும். நண்பரிடம் இருப்பது அந்த மாடலாக இருந்தால், இருப்பதையே மறுபடி வாங்கிக்கொண்டிருக்கிறாரா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

26 செப்டம்பர்

பழைய ஜீப் டிரைவர்களைப் புது வண்டியில் உட்கார வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? மாருதி ஜிம்னியில் லாக்கர் கிடையாது. சுழலும் சக்கரத்தை பிரேக்கால் பிடித்து எதிர்ப்பக்கத்துக்கு இழுவை அனுப்பும் எலக்ட்ரானிக்ஸ்தான். சக்கரம் சுழன்றால்தான் அதற்கு விஷயமே தெரியும். ஆகவே ஆக்ஸிலேட்டரைச் சீராக மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். கரகரவென்று ஏதோ உடைகிற மாதிரிச் சத்தம் வரும், பயப்படாமல் இன்னும் ஒரு நொடி பிடித்தால் வண்டி தாவும். பழைய ஆள் என்ன செய்வார்? சக்கரம் சுழன்ற சத்தம் கேட்டதுமே காலை எடுத்துவிடுவார். அதுதான் அவர் வாழ்நாள் முழுக்கக் கற்றது, அவர் ஜீப்புக்கு அதுதான் சரி. எலக்ட்ரானிக்ஸ் வேலையை ஆரம்பிக்கும் முன்பே அதற்கு லீவு கொடுத்துவிடுகிறார்.

மேட்டில் என்ஜின் அணைந்தாலும் இதே கதை. பழைய ஜீப்பில் கால் பிரேக்கில் இருக்க, ரிவர்ஸ் கியர் போட்டு, கிளட்சை முழுசாக விட்டுவிட்டு, பிரேக்கை விட்டுக்கொண்டே சாவியைத் திருகினால் ஸ்டார்ட்டர் மோட்டாரே வண்டியை நகர்த்தும், என்ஜின் பிடித்துக்கொள்ளும், கியரின் கட்டுப்பாட்டிலேயே இறங்கலாம். இப்போது வரும் வண்டிகள் பலவற்றில் கிளட்சை மிதிக்காமல் ஸ்டார்ட்டே ஆகாது. அதற்குப் பதிலாக, மேட்டில் வண்டி பின்னால் உருளாமல் சில நொடி பிரேக்கைப் பிடித்து வைக்கும் ஹில் ஹோல்ட் இருக்கிறது. ஆக இவர்கள் சொல்லும் திறமை எங்கேயும் செல்லுபடியாகும் நோட்டு இல்லை. கற்றுக்கொண்ட வண்டியோடு ஒட்டிக்கொண்டது.

29 செப்டம்பர்

ஸ்நார்கெல் பற்றித் தனியாகக் கேட்டவருக்கு: அது என்ஜின் மூச்சு விடும் மூக்கை மேலே தூக்குகிறது, அவ்வளவுதான். டிஃபரன்ஷியலுக்குக் காற்று போய்வரும் பிரீதர் குழாய் கீழேயே இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கும். ஓடும் தண்ணீரில் வண்டியை இழுத்துக்கொண்டு போவதற்கும் ஸ்நார்கெலுக்கும் சம்பந்தமே இல்லை. தாருக்கு 650 மில்லிமீட்டர் ஆழம் வரை போகலாம் என்று கம்பெனி சொல்வதை ஓடும் ஆற்றுக்கும் பொருத்திப் பார்க்காதீர்கள். முதலில் இறங்கி நடந்து பாருங்கள். உங்களால் நடக்க முடியாத ஓட்டத்தில் வண்டியை விடாதீர்கள்.

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் என்ன நடந்தது? தண்ணீரில் அணைந்த காரைத் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்து பார்த்தவர்கள் என்ஜினையே இழந்தார்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்தால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அணைந்தால் அணைந்ததுதான், தள்ளிக்கொண்டு வர வேண்டும். சாவியை எடுத்துப் பையில் போட்டவர்களுக்குச் செலவு குறைவு.

2 அக்டோபர்

முன்னால் பெரிய இரும்புக் கம்பி வேலி போட்ட வண்டிப் படத்தை ஒருவர் அனுப்பி "எப்படி" என்று கேட்டிருக்கிறார். மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே அதற்குத் தடை என்று எழுதிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவும் இருக்கிறது. மலைக்குப் போகும் முன் செக்போஸ்ட்டிலேயே மாட்டிக்கொள்வீர்கள், அங்கே லாக்கர் உதவாது.

கூரை மேலே வரிசையாக ஆறு விளக்கு எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. மூடுபனியில் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும்.

6 அக்டோபர்

"சரி சார், தத்துவமெல்லாம் போதும், கையில் இருபதாயிரம் இருக்கிறது, முதலில் என்ன வாங்க" என்று கேட்டவருக்கு.

இருக்கிற டயர் வழவழ என்று இருந்தால் பணம் முழுக்க அதற்கே போகட்டும், பற்றாக்குறைக்குக் கடனும் வாங்கலாம். டயர் நன்றாக இருந்தால் காற்று அளக்கும் நல்ல கேஜ், காற்றடிக்கும் பம்ப், ஒரு மண்வெட்டி, பதிந்த வண்டியை இழுப்பதற்கென்றே செய்த நைலான் கயிறு ஒன்று. கயிற்றை டிரெய்லர் மாட்டும் உருண்டையில் மாட்டாதீர்கள். அது தெறித்தால் குண்டு மாதிரி வரும், உலகத்தில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். சேஸிஸில் உள்ள கொக்கியில் மட்டும் மாட்டுங்கள், யாரையும் கயிற்றின் நேரே நிற்க விடாதீர்கள். மிச்சப் பணத்துக்குத் தெரிந்த ஆளோடு இரண்டு தடவை போய் வாருங்கள், டீசலை நீங்கள் போடுங்கள்.

பம்ப் வாங்கும்போது பேட்டரியில் நேரடியாகக் கிளிப் போடும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் வகை பெரிய டயருக்குத் திணறும், இரண்டாவது டயரிலேயே ஃபியூஸ் போய்விடும்.